ஒரே டிரிப், இரண்டு நோய்: பக்கவாதத்துக்கும் எம்.என்.டி.க்கும் எடரவோனா?

வாய்க்கால்கரை:

வணக்கம். இங்கே பல வருடமாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு நோயாளிகள். அப்பாவுக்கு 67 வயது. மூன்று வாரம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சு குழறியது. இப்போது ஒருவர் பிடித்துக்கொண்டால் நடக்கிறார். கையைத் தோள் வரை தூக்குகிறார்.

இன்னொருவர் அவருடைய அண்ணன், என் பெரியப்பா. 71 வயது. அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டரை வருடம் முன்பு நடக்கும்போது இடது கால் செருப்பு மட்டும் கழன்று கழன்று போனது. செருப்பு சரியில்லை என்று மூன்று ஜோடி மாற்றினார். அப்புறம் முதுகில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்று ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சையே செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் கால் மெலிந்துகொண்டே போனது. கைவிரல் இடுக்கில் சதை வற்றியது, தோளில் தசை தானாகத் துடித்தது. கடைசியில் கோவையில் ஒரு நரம்பு டாக்டர் தசைக்குள் ஊசி குத்திப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனை செய்து, எம்.என்.டி. (மோட்டார் நியூரான் நோய்) என்று சொன்னார். அது ஒன்றேகால் வருடம் முன்பு.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருடைய சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் எடரவோன் ஊசி. அப்பாவுக்கு 30 மி.கி. காலை, மாலை என்று 14 நாள் போட்டு முடித்தார்கள். பெரியப்பாவுக்கு 60 மி.கி. தினம் ஒரு வேளை, இரண்டு வாரம் போட்டு இரண்டு வாரம் இடைவெளி, மறுபடியும் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இது ஐந்தாவது சுற்று.

பெரியம்மா என்னைக் கேட்கிறார்: "ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துன்னா ஒரே சீக்குதான கண்ணு? உங்கப்பனுக்குக் கை தூக்க வருது, இவருக்கு ஏன் வரமாட்டேங்குது?"

என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடம் கேட்டால் "ஆன்டிஆக்சிடன்ட்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். தெரிந்தவர்கள் விளக்க முடியுமா?

சந்தேகப்பிராணி:

ஒரே மருந்தைச் சம்பந்தமில்லாத இரண்டு நோய்க்கு எழுதினால் ஒன்று அது அபூர்வ மருந்தாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டிலுமே அரைகுறையாக வேலை செய்யும் மருந்தாக இருக்க வேண்டும். எது என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

இரவுப்பணி:

நரம்பியல் மேற்படிப்பில் இருக்கிறேன். உங்கள் பெரியப்பாவையோ அப்பாவையோ நான் பார்த்ததில்லை, அதனால் அவர்களுக்கு இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். மருந்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் பெரியம்மாவின் கேள்விக்கு. அவர் பஸ் ஓட்டுநர் வீட்டுக்காரர் என்பதால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: உங்கள் அப்பாவுக்கு நடந்தது விபத்து, பெரியப்பாவுக்கு நடப்பது தேய்மானம். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் ஒரு நாள், ஒரு மணிக்கு அடைபடுகிறது. அந்தப் பகுதி சாகிறது. சுற்றி இருக்கும் மூளை பிழைத்து, மெதுவாகக் கொஞ்சம் வேலையை எடுத்துக்கொள்கிறது. அப்பா கையைத் தூக்குவது இந்த மீட்சியால்தான். அதில் பயிற்சியின் பங்கு பெரிது. டிரிப்புக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. டிரிப்பே போடாதவர்களும் முதல் மூன்று மாதத்தில் இப்படித் தேறுகிறார்கள்.

எம்.என்.டி.யில் ரத்தக்குழாய் அடைப்பு எதுவும் இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும், தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இன்று செத்தது நாளை திரும்பாது. அதனால் இதில் எந்த மருந்தும் "தேற்றும்" மருந்து அல்ல. வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் ஒரே மருந்து ஏன்? இரண்டிலும் செல்கள் சாகும்போது ஆக்சிஜனில் இருந்து பிறக்கும் சில மூலக்கூறுகள் பக்கத்துச் செல்களையும் அரிக்கின்றன. எடரவோன் அவற்றைப் பிடித்து அடக்கும். டாக்டர் ஆன்டிஆக்சிடன்ட் என்று சொன்னது இதைத்தான். ஜப்பானில் 2001-ல் பக்கவாதத்துக்குத்தான் முதலில் அனுமதி கிடைத்தது, அடைப்பு ஏற்பட்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று. பிறகு அங்கேயே எம்.என்.டி.யின் முக்கிய வகையான ஏ.எல்.எஸ்.ஸில் பரிசோதித்து 2015-ல் அனுமதி வாங்கினார்கள். 2017 மே மாதம் அமெரிக்காவும் ஏ.எல்.எஸ்.ஸுக்கு அனுமதித்தது. பக்கவாதத்துக்கு அமெரிக்கா இதை அனுமதிக்கவே இல்லை. இந்தியாவில் இரண்டுக்கும் எழுதுகிறோம். குழப்பம் உங்கள் பெரியம்மாவிடம் இல்லை.

மாத்திரைப்பெட்டி:

மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றவன். இரவுப்பணி சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள்.

ஒன்று, சிறுநீரகம். ஜப்பானில் இந்த மருந்து வந்த அடுத்த ஆண்டே, சிறுநீரகம் பழுதான சம்பவங்களால் எச்சரிக்கை விட்டார்கள். ஒவ்வொரு சுற்று தொடங்கும் முன்பும் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டு, வீசிங். அந்த மருந்துக் குப்பியில் கெட்டுப்போகாமல் இருக்க பைசல்பைட் சேர்த்திருப்பார்கள். ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பெரியப்பாவுக்கு இழுப்பு உண்டா?

அப்புறம், எம்.என்.டி.க்குக் கொடுக்கும் ரிலுசோல் மாத்திரை சீட்டில் இருக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை.

வாய்க்கால்கரை:

இழுப்பு இல்லை. கிரியாட்டினின் முதல் சுற்றுக்கு மட்டும் பார்த்தார்கள். ரிலுசோல் 50 மி.கி. காலை, இரவு சாப்பிடுகிறார். இட்லி சாப்பிட்டவுடன் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம். டிரிப்தான் பெரிய மருந்து, மாத்திரை கூடவே வருவது என்று நினைத்திருந்தோம்.

மாத்திரைப்பெட்டி:

தலைகீழ்! இந்த நோயில் நிரூபணம் கொஞ்சமாவது கெட்டியாக இருப்பது அந்த மாத்திரைக்குத்தான். 1994-ல் பிரான்சில் 155 பேரை வைத்து முதல் ஆய்வு, 1996-ல் 959 பேரை வைத்துப் பெரிய ஆய்வு. இரண்டிலும் ஆயுள் கூடியது. எவ்வளவு என்று கேட்டால் சங்கடமாக இருக்கும்: ஏறக்குறைய இரண்டு, மூன்று மாதம். ஆனால் ஏமாற்று இல்லை.

இட்லியோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. கொழுப்புச் சாப்பாட்டோடு போனால் உடம்பில் ஏறுவது குறையும். கல்லீரல் பரிசோதனை முதல் மூன்று மாதம் மாதாமாதம் எடுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு இடைவெளி விட்டு. விழுங்கச் சிரமம் வந்தால் பொடித்துக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பொடி நாக்கை மரத்துப்போக வைக்கும். ஏற்கெனவே புரை ஏறுபவருக்கு அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

கரிசல்மண்:

எங்கள் ஊரில் பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்ப்பார்கள். என் தாத்தாவுக்குத் தேய்த்து ஆறு மாதத்தில் எழுந்து நடந்தார். இங்கிலீஷ் மருந்து மட்டுமே மருந்து இல்லை.

சந்தேகப்பிராணி:

தாத்தா எழுந்து நடந்தார், சந்தோஷம். புறாவின் நிலைமை என்ன?

மேலே டாக்டர் சொன்னதைத்தான் மறுபடி சொல்கிறேன். டிரிப் போடாதவரும் தேறுகிறார், புறா தேய்க்காதவரும் தேறுகிறார். ஆறு மாதம் எது கூடவே இருந்ததோ அதற்குப் பேர் போகிறது. எடரவோனுக்கும் இதே கதிதான் என்பது என் சந்தேகம்.

மட்டுறுத்துநர்:

புறா பற்றிய உரையாடல் இத்துடன் போதும். இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன்.

லண்டன்_வடலி:

தம்பி வாய்க்கால்கரை, உங்கள் பதிவை வாசித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். என் மனைவிக்கு 2018-ல் இந்த நோய் என்று சொன்னார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தார், இருப்பது கிழக்கு லண்டனில். சொந்தக்காரருக்கு எம்.என்.டி. என்றால் விளங்கவில்லை, எல்லோரும் பாரிசவாதம், அதாவது பக்கவாதம் என்றே கதைத்தார்கள். மருந்து குடித்தால் மாறிவிடும்தானே என்று கேட்டார்கள்.

இங்கே ரிலுசோல் 2001-ல் இருந்தே அரசாங்கச் செலவில் கிடைக்கிறது. எடரவோன் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் அனுமதி கேட்டிருந்த கம்பெனி 2019-ல் விண்ணப்பத்தையே திரும்ப எடுத்துவிட்டது. எனக்கு அப்போது பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. அமெரிக்கனுக்கு இருக்கிறது, ஜப்பான்காரனுக்கு இருக்கிறது, என் மனிசிக்கு மட்டும் இல்லையா என்று. சென்னையில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, பயணச் சீட்டுக்கூட பார்த்துவிட்டேன்.

எங்கள் நர்ஸ் ஒருத்தி, அயர்லாந்துக்காரி, என்னை இருத்திவைத்துக் கேட்டா: "அவவுக்குக் காலையில் எழும்பும்போது தலையிடி இருக்கிறதா? பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கிப் போகிறாவா? மட்டமாகப் படுக்க முடிகிறதா?" மூன்றுக்கும் பதில் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அது மூச்சுத் தசைகள் தளர்வதன் அடையாளம் என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த கிழமை மூச்சு அளந்து பார்த்தார்கள். இரவில் முகமூடி போட்டு மூச்சுக்கு உதவும் மெஷின் தந்தார்கள். அந்த மாதத்தில்தான் அவ மீண்டும் என்னோடு சண்டை பிடிக்கத் தொடங்கினா, அவ்வளவு தெம்பு வந்தது.

2021 மார்ச்சில் போய்விட்டா. நான் சொல்ல வந்தது இதுதான்: பெரியப்பாவுக்கு மூச்சு அளந்து பார்த்தார்களா?

வாய்க்கால்கரை:

அண்ணா, இல்லை. யாரும் அளக்கவில்லை. காலையில் தலைவலி என்று ஒரு மாதமாகச் சொல்கிறார். டிரிப்பின் பக்கவிளைவு என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். இரண்டு தலையணை வைத்துத்தான் தூங்குகிறார்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் மெஷின் ஒன்று அத்தை வீட்டில் சும்மா இருக்கிறது. இன்றைக்கு இரவு அதை மாட்டிவிடட்டுமா?

இரவுப்பணி:

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

பெரியப்பாவின் நுரையீரல் கெடவில்லை. அதை விரித்துச் சுருக்கும் தசைதான் களைத்திருக்கிறது. அப்படி இருக்கும்போது உள்ளே போகும் காற்றும் குறைவு, வெளியே போக வேண்டிய கரியமில வாயுவும் தேங்கும். காலைத் தலைவலி பெரும்பாலும் அந்தத் தேக்கத்தால்தான். வெறும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் கருவியில் எண் அழகாக 97, 98 காட்டும், உள்ளே கரியமில வாயு இன்னும் ஏறும். அவருக்கு வேண்டியது காற்றைத் தள்ளிக் கொடுக்கும் பைபேப். இரண்டும் வேறு வேறு மெஷின்.

நாளைக்கே நுரையீரல் டாக்டரிடம் போங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, முடிந்தால் உட்கார்ந்தும் படுத்தும். தமனியில் எடுக்கும் ரத்த வாயுப் பரிசோதனை. இவை போதும். 2006-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் இருந்து ஒரு ஆய்வு வந்தது, 41 பேர்தான். பேசும், விழுங்கும் தசைகள் அவ்வளவாகக் கெடாதவர்களில் இந்த மெஷின் ஏறத்தாழ 205 நாள் கூடுதலாகக் கொடுத்தது. ரிலுசோலின் கணக்கோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் மருந்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியாவது இதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

சந்தேகப்பிராணி:

இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன், கோபம்தான் வருகிறது. எடரவோனுக்கு அனுமதி வாங்கிக்கொடுத்த அந்த ஜப்பான் ஆய்வில் மொத்தம் 137 பேர். 24 வாரம். அளந்தது 48 மதிப்பெண் கொண்ட ஒரு பட்டியலில்: பேச்சு, விழுங்குதல், எழுதுதல், படி ஏறுதல், மூச்சு என்று 12 கேள்விகள். மருந்து போடாதவர்கள் 7.5 மதிப்பெண் இறங்கினார்கள், போட்டவர்கள் 5 இறங்கினார்கள். வித்தியாசம் இரண்டரை.

சரி, இரண்டரையும் பெரிதுதான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? நோய் தொடங்கி இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்கள். மூச்சுக் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் குறையாதவர்கள். 12 கேள்வியில் ஒன்றில்கூட 2-க்குக் கீழே போகாதவர்கள். இதற்கு முன்பு இந்த வடிகட்டல் எல்லாம் இல்லாமல் செய்த ஆய்வு தோற்றுப்போனது. அதில் யாருக்கு நன்றாக இருந்தது என்று தேடி எடுத்து, அப்படிப்பட்டவர்களை மட்டும் வைத்து மறுபடி செய்ததுதான் இது. இரண்டரை வருடம் ஆகி, இரண்டு தலையணை வைத்துத் தூங்கும் பெரியப்பா அந்த ஆய்வின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

2022-ல் ஜெர்மனியில் 12 மையங்களில் டிரிப் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். நோயின் வேகத்தில் வித்தியாசம் இல்லை. தினமும் வாயால் குடிக்கும் எடரவோனை வைத்து ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு 2024-ல் தோல்வி என்று அறிவித்தார்கள். நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மாத்திரைப்பெட்டி:

தம்பி, எண்கள் எல்லாம் சரி. ஆனால் பெரியம்மா இடத்தில் இருந்தும் பாருங்கள். காலையில் நர்ஸ் வருகிறார், பாட்டில் தொங்குகிறது, ஒரு மணி நேரம் சொட்டுகிறது. வீட்டில் ஏதோ நடக்கிறது. அது நின்றுபோனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன செய்வார்?

வாய்க்கால்கரை:

நீங்கள் சொன்னது அப்படியே உண்மை ஐயா. டிரிப் இல்லாத இரண்டு வாரம் பெரியம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பெரியப்பாவுக்கு நரம்பே கிடைப்பதில்லை இப்போது. நேற்று மூன்று இடத்தில் குத்தினார்கள்.

வேர்த்தண்டு:

எதற்கு இவ்வளவு குழப்பம்? ஸ்டெம் செல் சிகிச்சை பக்கவாதம், எம்.என்.டி. இரண்டுக்குமே இருக்கிறது. என் நண்பரின் மாமா எடுத்துக்கொண்டார். தனிமடலில் வாருங்கள், இடம் சொல்கிறேன்.

இரவுப்பணி:

தனிமடலில் போக வேண்டாம், இங்கேயே பேசலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, ரத்தம் சார்ந்த குறிப்பிட்ட சில நோய்களைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக்கூடாது என்கிறது. முறையான ஆய்வுக்குள் வைத்துக் கொடுக்கலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் அது ஆய்வும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

வாய்க்கால்கரை:

போன வருடம் நிலம் விற்று அதற்குப் போகலாம் என்று பெரியப்பா மகனே சொன்னான். நல்ல வேளை, பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். அன்றைக்குக் காலை ஐந்தரைக்கு எழுந்து பல் விளக்கி, டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆறேகாலுக்கு டம்ளர் கையில் இருந்து விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். பி.பி. 190 இருக்கிறது என்று நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஒன்பதரை வரை படுக்க வைத்தார்கள். ஈரோடு போய்ச் சேர்ந்து ஸ்கேன் எடுக்கும்போது பதினொன்றரை. "முன்னாடியே வந்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருப்போம்" என்றார்கள். எவ்வளவு முன்னாடி?

இரவுப்பணி:

பத்தே முக்காலுக்கு முன்னாடி. ஆறேகாலில் இருந்து நாலரை மணி நேரம். அதுவும் ஊசி ஏறியிருக்க வேண்டிய நேரம், ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் நேரம் இல்லை.

பக்கவாத மருந்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் அந்த ஊசிதான். ஆல்டிப்ளேஸ். 1995-ல் அமெரிக்காவில் 624 பேரை வைத்து வந்த ஆய்வு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் என்று காட்டியது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரையாக நீட்டியது. இப்போது டெனெக்டிப்ளேஸ் வந்துவிட்டது. ஆல்டிப்ளேஸை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும், இது ஒரே தள்ளில் முடிந்துவிடும். மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அது பெரிய வசதி. ஆபத்தும் உண்டு. அந்த 1995 ஆய்விலேயே ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது, போடாதவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியும் மொத்தக் கணக்கில் ஊசி ஜெயித்தது. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியையே இழுத்து எடுக்கலாம். அதைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறோம்.

அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் நரம்பு செல்கள் போகின்றன என்று 2006-ல் ஒருவர் கணக்குப் போட்டார். இதைச் சொல்லி உங்களை நோகடிக்கவில்லை. அந்தக் கிளினிக்கில் நடந்ததைத்தான் சொல்கிறேன். அடைப்பு வந்த மூளை, ரத்தத்தைத் தள்ளி வாங்க அழுத்தத்தைத் தானே ஏற்றி வைக்கிறது. கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் 185-க்குக் கீழே கொண்டுவருவோம், நிதானமாக, அளந்து. ஊசி இல்லை என்றால் பொதுவாக 220 வரை தொடவே மாட்டோம். நாக்கடியில் மாத்திரை வைத்துத் தடாலென்று இறக்குவது, பாதி உயிரோடு இருக்கும் பகுதிக்கு வரும் ரத்தத்தையும் நிறுத்துவது மாதிரி.

இன்னொன்று, ஸ்கேன் எடுக்காமல் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மாரடைப்புக்குக் கொடுக்கிறார்களே என்று கொடுத்துவிடுகிறார்கள். பக்கவாதத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவருக்காவது அடைப்பு இல்லை, ரத்தக் கசிவு. வெளியில் இருந்து பார்த்து எதுவென்று சொல்ல எனக்கே தெரியாது.

மாத்திரைப்பெட்டி:

அப்பாவின் சீட்டில் சிட்டிகோலின் இருக்குமே?

வாய்க்கால்கரை:

இருக்கிறது! மூன்று மாதத்துக்கு. "மூளைக்கு டானிக்" என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மாத்திரைப்பெட்டி:

முப்பது வருடம் அதைத்தானே எடுத்துக் கொடுத்தேன். 2012-ல் 2298 பேரை வைத்து ஐரோப்பாவில் ஆய்வு வந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளூஆக்சிடினுக்கும் இதே கதை. 2011-ல் பிரான்சில் 118 பேருக்குக் கொடுத்தபோது கை கால் வேகமாகத் தேறுகிறது என்றார்கள், எல்லோரும் எழுதித் தள்ளினார்கள். 2018-ல் பிரிட்டனில் மூவாயிரம் பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை, எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வு இருந்தால் அதற்காகக் கொடுக்கலாம், அது வேறு.

டானிக் வாங்கப் பணம் இருந்து, பி.பி. மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியும் வாங்காமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு அடுத்த பக்கவாதம் வராமல் காப்பது அந்த விலை குறைந்த மாத்திரைகள்: பி.பி. மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பேரைப் பதிந்துவிடுங்கள். இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா என்று ஈ.சி.ஜி. பார்த்தார்களா என்றும் கேளுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்து வேண்டும்.

கரிசல்மண்:

புறா பற்றிப் பேசவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். ஜப்பானில் பி12 ஊசியை எம்.என்.டி.க்கு அனுமதித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்த நரம்பு ஊசி எங்கள் ஊர் மெடிக்கலிலேயே கிடைக்கிறதே?

இரவுப்பணி:

நல்ல கேள்வி, பாதி உண்மையும்கூட. 2024-ல் ஜப்பான் அனுமதித்தது. பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின், 50 மி.கி., வாரம் இரண்டு முறை தசையில். நம் ஊர் நரம்பு ஊசி பெரும்பாலும் 1500 மைக்ரோகிராம். 33 ஊசியைச் சேர்த்தால்தான் அவர்கள் போடும் ஒரு ஊசி. அதோடு நோய் தொடங்கி ஒரு வருடத்துக்குள் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள், 130 பேர், 16 வாரம். மறுபடியும் அதே பாடம்: சீக்கிரம் தொடங்கினால் கொஞ்சம் பலன். செருப்பு கழன்ற அன்றே கண்டுபிடித்திருந்தால் பேச வேண்டிய மருந்துகள் இவை.

வாய்க்கால்கரை:

பெரியப்பா மகன் கேட்கச் சொன்னான்: இது பரம்பரையாக வருமா? அவனுக்கு இப்போது கை லேசாக நடுங்கினாலே பயம். தொலைக்காட்சியில் இதே நோய் இருந்த ஸ்டீபன் ஹாக்கிங்கைக் காட்டினால் சேனல் மாற்றுகிறான்.

இரவுப்பணி:

நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் குடும்ப வழி. மற்றவர்களுக்கு அப்படிச் சொந்தத்தில் யாருமே இருக்க மாட்டார்கள். கை நடுக்கம் இதன் அடையாளமும் இல்லை. ஆனால் மரபணுச் சோதனைக்கு இப்போது ஒரு அர்த்தம் வந்திருக்கிறது. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் டோஃபர்சென் என்ற மருந்தை 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. முதுகுத்தண்டு நீரில் செலுத்துவது. மொத்த ஏ.எல்.எஸ். நோயாளிகளில் அந்தக் கோளாறு இருப்பவர்கள் இரண்டு சதவீதம் அளவுக்குத்தான்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்" என்றே ஒரு வகை உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், ராமமூர்த்தி மூவரும் 1970-ல் எழுதியது. சின்ன வயதில் வரும், காது கேளாமல் போகும், முகமும் தொண்டையும் தளரும், ஆனால் மிக மெதுவாக நகரும். பல வருடம் வாழ்கிறார்கள். உங்கள் பெரியப்பாவுக்கு அது இல்லை. பாடப்புத்தகத்தில் நம் ஊர்ப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் நின்று படிப்பேன், அதனால் சொன்னேன்.

லண்டன்_வடலி:

மருந்து வரும் வரும் என்று இருப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் 2022-ல் ரெலிவ்ரியோ என்று ஒரு தூளை அனுமதித்தார்கள். என் மனைவி அப்போது இல்லை, ஆனால் எங்கள் சங்கத்தில் இருந்தவர்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். 2024 மார்ச்சில் பெரிய ஆய்வின் முடிவு வந்தது, பலன் இல்லை. அடுத்த மாதமே கம்பெனி தானாகச் சந்தையில் இருந்து எடுத்தது. அவர்கள் எடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

தம்பி, மூச்சு என்னவாயிற்று?

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து வருகிறேன்.

ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். உட்கார்ந்து 52 சதவீதம். படுத்து எடுத்தபோது இன்னும் குறைந்தது. ரத்தத்தில் கரியமில வாயு கூடி இருந்தது. பைபேப் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். முதல் இரண்டு இரவு மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டார். மூன்றாவது இரவு நாலு மணி நேரம். நேற்று ஆறரை மணி நேரம் தூங்கினார். காலையில் தலைவலி இல்லை. பஸ் டிப்போவில் ஒருவருக்குக் கடன் கொடுத்ததை ஞாபகப்படுத்தி, வாங்கிக்கொண்டு வா என்று என்னைத் திட்டினார்.

ஆறாவது சுற்று டிரிப் திங்கட்கிழமை தொடங்க வேண்டியது. நரம்பு டாக்டரிடம் இந்த முறை நேரம் கேட்டு வாங்கி, உட்கார்ந்து பேசினோம். போட்டே ஆக வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. ரிலுசோலைத் தொடரச் சொன்னார், சாப்பாட்டு நேரத்தை மாற்றிவிட்டோம். பெரியம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்றார். பெரியப்பாவுக்குப் பேச்சு இழுக்கிறது, ஆனால் புரியும். கையை நீட்டிக் காட்டினார், ஊசி குத்திக் குத்திக் கன்றிப் போயிருந்த இடத்தை. "போதும் சாமி" என்றார். பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

காலை ஒரு மணி நேரத்துக்கு இப்போது பெரியம்மாவுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறோம். பிசியோதெரபி அம்மா காட்டிக்கொடுத்தபடி கை கால் மூட்டுகளை மடக்கி நீட்டுகிறார். அப்பா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து தன் கையைத் தானே தூக்கிக் கணக்குச் சொல்கிறார்.

ஒரு சந்தேகம். மாஸ்க் போட்டுத் தூங்கினால் வாய் வறண்டு, காலையில் உதடு வெடித்திருக்கிறது. மூக்குப் பாலத்திலும் சிவந்து தடம் விழுகிறது. என்ன செய்வது?

லண்டன்_வடலி:

மெஷினோடு ஈரப்பதம் தரும் தண்ணீர்ப் பெட்டி ஒன்று பூட்டலாம், வாடகைக்குத் தந்தவரிடமே கேளுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தோல் சிவக்கும் இடத்தில் ஒட்டுவதற்கு மெல்லிய ஜெல் பட்டை இருக்கிறது. பட்டியை மிகவும் இறுக்க வேண்டாம், இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். இரண்டு அளவு மாஸ்க் வைத்துக்கொண்டு இரவுக்கு இரவு மாற்றினால் ஒரே இடத்தில் அழுத்தாது. என் மனிசிக்கு மூக்குக்கு மட்டும் போடுவதுதான் பிடித்தது, ஆனால் வாயை மூட முடிகிறவர்களுக்குத்தான் அது சரிவரும்.